முக்கால் மிதி

எங்கள் இந்தியானா மாநிலத்தில் பன்றிக்கறி சாண்ட்விச் என்றால் பொரித்த கறி ரொட்டியைத் தாண்டி நாலு பக்கமும் வெளியே தொங்க வேண்டும். ரொட்டிக்குள் அடங்கிவிட்டால் அந்தக் கடைக்காரனை நம்பக்கூடாது. உங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் கடையில் அடங்கித்தான் இருக்கிறது. வாங்கிக்கொடுத்த கையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஐயா. தின்றுவிட்டேன், நன்றி. இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பெயர் லோவல் க்ரெப்ஸ். தொழில் என்ஜின் கட்டுவது. மிட்ஜெட் என்று நாங்கள் சொல்லும் குட்டிப் பந்தயக் கார்களுக்கு மட்டும். அந்தக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளிக்கும் தொட்டிக்கு நாலு சக்கரம் வைத்து, முன்னால் ஒரு எரிமலையைக் கட்டியது போல இருக்கும். கியர் கிடையாது, கதவு கிடையாது. தானாக ஸ்டார்ட்கூட ஆகாது, பின்னாலிருந்து லாரி தள்ளிவிட வேண்டும். இப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு ஷுகர் ஃபோர்க் களிமண் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றிச்சுற்றி வருவதற்கு எங்களிடம் ஒரு சங்கம், ஒரு தலைவர், ஒரு கொடி, பைபிளைவிடக் கொஞ்சம் மெலிந்த ஒரு விதிப்புத்தகம் எல்லாம் உண்டு.

தலைவர் கிளேட்டன் ஆம்ஸ்லர். டிராக்டர் விற்பவர். மைக்கைக் கையில் கொடுத்தால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். ‘இது உழைப்பாளியின் பந்தயம்’ என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். சொல்லிவிட்டு, ஏசி வைத்த தன் டிரெய்லருக்குள் ஏறி உழைத்த களைப்பை ஆற்றிக்கொள்வார். அவர் மகள் மார்லீன் அவருடைய காரை ஓட்டினாள். முப்பத்தொரு வயது. வார நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் விதியில்தான் ஆரம்பித்தது.

எங்கள் சங்கம் செலவைக் குறைக்கக் கொண்டுவந்த விதி ஒவ்வொன்றும் செலவைக் கூட்டியது. விலை உயர்ந்த உலோகத்துக்குத் தடை போட்டார்கள். பணக்காரர்கள் சாதாரண இரும்பையே நகை மாதிரி பாலிஷ் போட ஆள் வைத்தார்கள், அது அந்த உலோகத்தைவிட அதிகப் பணம் தின்றது. சீசன் முழுக்க என்ஜினைத் திறக்கக்கூடாது என்று சீல் வைத்தார்கள். பணக்காரர்கள் மூன்று என்ஜின் வாங்கி, மூன்றையும் ஓட்டிப்பார்த்து, நல்லதற்கு மட்டும் சீல் வாங்கினார்கள். ஒவ்வொரு தடையும் வந்தபோது கைதட்டினோம். கைதட்டிவிட்டு எண்ணிப்பார்த்தால் மைதானத்துக்கு வரும் கார்கள் பாதியாகக் குறைந்திருந்தன.

போன குளிர்காலத்தில் டாட்டி கடையில் கூட்டம். அங்கே கறி தொங்கும், நம்பகமான கடை. கிளேட்டன் எழுந்தார்.

“பணம் இருக்கறவன் ஜெயிக்கறான், மூளை இருக்கறவன் வேடிக்கை பாக்கறான். இதுக்கா நம்ம அப்பன்மார் இந்தச் சங்கத்தைக் கட்டினாங்க?”

எங்கள் பரிசோதகர் மெர்ல் வாயில் கறியோடு சொன்னார். “உங்கப்பா சங்கத்துல சேரவே இல்லையே கிளேட்டன். அவருக்குக் கார் சத்தமே ஆகாதே.”

“அது வேற விஷயம் மெர்ல். முதல்ல தின்னுட்டுப் பேசு.”

அன்று வந்ததுதான் ‘கேட்டால் கொடு’ விதி. அதன் அமைப்பு எளிது. ஜெயித்த காரின் என்ஜினை, அதே பந்தயத்தில் ஓடிய எந்தக் காரின் சொந்தக்காரரும் விலைக்குக் கேட்கலாம். விலை முன்பே சங்கம் நிர்ணயித்தது, ஒரு பழைய பிக்கப் வண்டியின் விலை. கோப்பை கொடுத்து முடிப்பதற்குள், ஜெயித்த காரின் போனட் மீது செக்கை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் மறுக்க முடியாது. காற்று வாங்கும் வாயிலிருந்து அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி வரை, சீல் உடையாமல், இருந்தபடியே கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஸ்பானரால் தொடக்கூடாது. வாங்கியவரும் சீசன் முடியும் வரை சீலைத் திறக்கக்கூடாது. யாரும் பிக்கப் விலைக்கு மேல் என்ஜினில் கொட்டமாட்டார்கள், கொட்டினால் நஷ்டம். இதுதான் யோசனை.

நல்ல யோசனை. முதலில் உயர்ந்த கை என்னுடையது.

ஏனென்றால் என் என்ஜின் பழைய கார்களை உடைக்கும் யார்டிலிருந்து வந்தது. குடும்பங்கள் மளிகை வாங்கப் போன காரின் நாலு சிலிண்டர் என்ஜின். அதற்குக் காற்று வாங்கும் பெட்டியை நானே வரைந்து, நானே வார்த்து, நானே கடைந்தேன். உலகத்தில் வேறு எங்கும் அப்படி ஒன்று இல்லை. பெரிய கம்பெனி என்ஜின்களை அது தூக்கிச் சாப்பிட்டது. இரும்புக்கு நான் கொடுத்தது சொற்பம். ஆகவே இந்த விதி பணக்காரர்களைக் குறிவைத்தது, என்னை அல்ல என்று நினைத்தேன். அந்தப் பெட்டிக்காக நான் செலவழித்த பத்து வருடத்துக்கு விதியில் விலை போடவில்லை என்பது அன்று உறைக்கவில்லை. இரும்புக்குத்தான் விலை போட்டிருந்தார்கள். மற்றது இலவசம்.

இன்னொன்றும் இருந்தது. கேட்கலாம் என்று விதி இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். ஒருவனுடைய என்ஜினைக் கேட்பது அவன் வாயிலிருந்து பல்லைக் கேட்பது மாதிரி. விதி சுவரில் தொங்கும் துப்பாக்கியாக இருக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள், அதைப் பார்த்தே எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள் என்று நினைத்தோம்.

மே மாதம் கடைசி ஞாயிறு என் கார் ஜெயித்தது. ஓட்டியது நோலன், எங்கள் ஊர் பிளம்பர். அவனுக்குக் கோப்பையைக் கொடுக்கும்போதே கிளேட்டன் மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் சட்டைப் பையிலிருந்து செக்கை எடுத்து என் போனட்டில் வைத்தார்.

“பாஸ், அந்தாளு செக்கை வெச்சுட்டான்” என்றான் நோலன். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டான் போல.

“கோவிச்சுக்காத லோவல்,” என்றார் கிளேட்டன், மைக்கிலேயே. “சட்டம்னா சட்டம். முதல்ல கையத் தூக்கினதே நீதானப்பா.”

கூட்டம் சிரித்தது. நியாயமான நகைச்சுவைதான். நானும் சிரித்ததாக ஞாபகம்.

அடுத்த மூன்று ஞாயிறும் மார்லீன் அதே என்ஜினில் ஜெயித்தாள். அதை விதிப்படி நான் விலைக்குக் கேட்டிருக்கலாம் என்று சொல்வீர்கள். கேட்கலாம்தான். ஆனால் அந்த விதியில் ஒரு சின்ன வரி. விற்றவர் அதே என்ஜினை அந்த சீசனில் திரும்பக் கேட்க முடியாது. எழுதியவர் கிளேட்டன். கடைசியாகச் சேர்த்த வரி. அப்போது நான் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. மைக்கில் அவர் அதை ‘ஆம்ஸ்லர் என்ஜின்’ என்று சொல்ல ஆரம்பித்தார். ‘இதோ ஆம்ஸ்லர் என்ஜின் உறுமுகிறது, கேளுங்கள் மக்களே.’ நான் போய்ச் சொன்னேன்.

“கிளேட்டன், அது க்ரெப்ஸ் என்ஜின்.”

“ஏம்பா, வாங்கினவன் பேருதான் பேரு. நான் டிராக்டரை வித்துட்டு, விவசாயி வீட்டுக்குப் போய் ‘இது என் டிராக்டர்’னு நின்னா நல்லாருக்குமா?”

“நீ டிராக்டரைச் செய்யல. விக்கத்தான் செய்யற.”

“ரெண்டும் ஒண்ணுதான் லோவல். போய் இன்னொண்ணு கட்டு. உனக்கென்ன, மூளை இருக்கு.”

அதனால் இன்னொன்று கட்டினேன். இதில் மனக்கசப்பு எதுவும் இல்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் சண்டை விதியோடுதான். ஒரு விதி தவறு என்று கூட்டத்தில் பேசி நிரூபிக்க முடியாது. அங்கே கறிதான் ஜெயிக்கும். ஓட்டிக் காட்டித்தான் நிரூபிக்க முடியும்.

இரண்டாவது என்ஜின் முதலாவதைவிட நன்றாக வந்தது. காற்றுப் பெட்டிக்குள் ஒரு தண்டு, அதில் காற்றைத் திறந்து மூடும் தகடுகள். காலால் மிதித்தால் தகடு திறக்கும், காலை எடுத்தால் ஸ்பிரிங் மூடும். எல்லா என்ஜினிலும் உள்ளதுதான். என்னுடையதில் தண்டும் தகடும் பெட்டிக்குள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. மெர்ல் வந்து, பார்த்து, கம்பியால் சீல் வைத்துவிட்டுப் போனார்.

நோலனின் காரில் மட்டும், மிதிக்கட்டைக்கு அடியில் ஒரு அலுமினியத் துண்டைத் திருகி வைத்தேன். தீப்பெட்டி அளவு. அது இருக்கும்போது மிதி முக்கால் பங்குக்கு மேல் போகாது.

“முழுசா மிதிச்சா என்னாகும் பாஸ்?”

“மிதிக்காத.”

“அதான் மிதிக்க முடியாதே. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

“சும்மா தெரிஞ்சுக்காத.”

நோலன் நல்ல பையன். குழாயை மூடச் சொன்னால் மூடுவான், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கமாட்டான். முக்கால் மிதியிலேயே அவன் ஜெயித்தான், கால் சுற்று வித்தியாசத்தில். இதை அடிக்கோடிடுங்கள். முக்கால் மிதியில்.

அன்று பந்தயம் முடிந்ததும் காரை மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினேன். கிளேட்டனுக்கு முழங்கால் வலி உண்டு, அதிகம் நடக்க வைக்கக்கூடாது. போனட்டில் களிமண் அப்பியிருந்தது. துணியால் துடைத்து வைத்தேன்.

அவர் செக்கை வைத்தார். கூட்டம் மறுபடி சிரித்தது, ஆனால் முதல் தடவை அளவுக்கு இல்லை. மெர்ல் மட்டும் கிளேட்டனிடம் முணுமுணுத்தார். “ரெண்டு தடவை வேண்டாம்பா, அசிங்கமா இருக்கு.”

“விதி இருக்கு மெர்ல்.”

“விதி இருக்கு. வெக்கமும் இருக்கணும்.”

அன்றே என்ஜினை இறக்கிக் கொடுத்தேன். காற்று வாங்கும் வாயிலிருந்து எண்ணெய்த் தொட்டி வரை, சீல் உடையாமல், இருந்தபடியே. மிதிக்கட்டை காரைச் சேர்ந்தது, என்ஜினைச் சேர்ந்ததல்ல. அதனால் அலுமினியத் துண்டு என்னிடமே இருந்தது. என் தலைக்குள் இருந்ததும் அப்படியே. அதைக் கொடுக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. விதிப்புத்தகத்தை நீங்கள் வரவழைத்துப் பார்க்கலாம். நான் ஒரு விதியைக்கூட மீறவில்லை.

இப்போது மார்லீன்.

சனிக்கிழமை மதியம் என் பட்டறைக்கு வந்தாள். கையில் பெர்சிமன் பழத்தில் செய்த புட்டிங், மேலே துணி போட்டு மூடி. என் மனைவி இறந்த வருடம் முழுக்க மாதம் ஒரு தடவை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். பேசமாட்டாள். பாத்திரத்தைக்கூடத் திரும்பக் கேட்கமாட்டாள். அவளுடைய பாத்திரங்கள் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன.

“மிஸ்டர் க்ரெப்ஸ், அப்பா பண்ணினது எனக்குச் சுத்தமா பிடிக்கல. சொல்லிட்டேன் அவர்கிட்ட. அவர் கேக்கற ஆளா?”

“விதிம்மா. அவர் மேல தப்பில்ல.”

“நீங்க இப்படிப் பெருந்தன்மையா பேசினா எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு. ஒண்ணு கேக்கணும். கேக்கற உரிமை எனக்கில்ல. ஆனா நாளைக்கு உக்காரப்போறது நான்தானே. இந்த என்ஜினுக்கு ஏதாவது தனிக் குணம் இருக்கா? நான் தெரிஞ்சுக்க வேண்டியது?”

பெஞ்சு மீது கை ஊன்றி நின்றாள். கைக்குப் பக்கத்திலேயே அந்த அலுமினியத் துண்டு கிடந்தது. அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“இது என்னது?”

“கதவுக்கு. காத்துல அடிச்சுக்காம இருக்க.”

“அழகா கடைஞ்சிருக்கீங்க. கதவுக்குப் போய் இவ்வளவு நேர்த்தியா?” என்று சிரித்துக்கொண்டே போய், கதவுக்கு அடியில் அதைச் சொருகினாள். கதவு நின்றது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படும், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

“குணம்னு ஒண்ணும் இல்ல,” என்றேன். “நோலன் பயந்தாங்கொள்ளி. முக்காலுக்கு மேல மிதிக்கவே மாட்டான். அதோட முழு பலத்த இன்னும் யாருமே பாக்கல.”

“அப்போ நான் பாக்கட்டுமா?”

“பயப்படாம முழுசா மிதி.”

அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். புட்டிங் நன்றாக இருந்தது. ஏலக்காய் மாதிரி ஏதோ புதிதாகச் சேர்த்திருந்தாள்.

ஞாயிறு பந்தயத்தில் நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. மூன்றாவது வளைவின் வேலிப் பக்கம் போய் நின்றேன். காரணம் கேட்டால், அங்கே வெயில் கண்ணில் படாது. கொஞ்ச நேரம் அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். புது என்ஜினைப் பழகிக்கொள்ளும் நல்ல ஓட்டுநர் அப்படித்தான் செய்வார். மைக்கில் கிளேட்டன் ‘ஆம்ஸ்லர் என்ஜின், ஆம்ஸ்லர் என்ஜின்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னால் ஒரே ஒரு கார். அதைத் தாண்டுவதற்காக, மேடைக்கு எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் அவள் முழுசாக மிதித்தாள்.

மற்றவர்களுக்கு அது சத்தம். எனக்கு, தகடுகள் முழுக்கத் திறந்து என்ஜின் மூச்சு வாங்குவது கேட்டது. நான் கட்டிய எந்த என்ஜினும் அப்படி மூச்சு விட்டதில்லை. உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன், அழகாக இருந்தது. அந்த மைதானத்தில் அவ்வளவு வேகமாக எந்தக் காரும் மூன்றாவது வளைவுக்கு வந்ததில்லை.

பிறகு அவள் காலை எடுத்தாள். எடுத்தது எனக்குத் தெரியும், கார் மூக்கைத் தாழ்த்தும் என்று உடம்பை அவள் ஒரு பக்கம் சாய்த்தாள். சத்தம் குறையவில்லை. மிதியில் காலணியை மாட்டிக்கொள்ள ஒரு வார் இருக்கும், மிதி சிக்கினால் காலாலேயே இழுத்து மேலே கொண்டுவர. இழுத்திருக்கிறாள், வார் அறுந்திருந்தது. என்ஜினை அணைக்கும் சுவிட்சுக்கும் கையைக் கொண்டுபோயிருக்கிறாள். எங்கள் மைதானம் அவ்வளவு பெரிதல்ல.

வேலி என்னைத் தாண்டி இருபது அடியில் உடைந்தது. கார் சோளக்கொல்லைக்குள் போய் நின்றது. சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததால் மற்றவர்கள் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. நான் வழி காட்டினேன்.

அடக்கத்துக்குப் போனேன். கிளேட்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. மைக் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். ரொம்பச் சின்ன மனிதர்.

சங்கம் விசாரித்தது. மெர்ல் சீலை உடைத்துப் பெட்டியைத் திறந்து, தண்டு இறுகிப்போய்த் தகடு திறந்தபடியே நின்றிருப்பதைப் பார்த்தார். ‘கேட்டால் கொடு’ விதியை ஒருமனதாக நீக்கினார்கள். ஆக, விதி தவறு என்று நான் சொல்லவந்தது ஒருவிதத்தில் நிறைவேறிவிட்டது. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். உங்கள் சாண்ட்விச்சைத் தின்ன வந்திருக்கமாட்டேன்.

ஆனால் போன ஞாயிறு நினைவஞ்சலி வைத்தார்கள். எல்லாக் கார்களும் மெதுவாக ஒரு சுற்று வந்தன. கிளேட்டன் மறுபடி மைக்கைப் பிடித்தார். குரல் உடைந்திருந்தது.

“நான் லோவலை மன்னிச்சுட்டேன். எல்லாரும் மன்னிக்கணும். அவனுக்கு வயசாயிடுச்சு, பொண்டாட்டி போனதுலேருந்து தனியாக் கிடக்கறான், கை நடுங்குது. தண்டைச் சரியாக் கடையாம விட்டுட்டான். கவனக்குறைவு. மனுஷன்தானே.”

மக்கள் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் வந்து கட்டிக்கொண்டாள். அன்று முதல் தினமும் யாராவது ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த அலுமினியத் தட்டுகளை வைத்தே ஒரு என்ஜின் வார்த்துவிடலாம். நோலன் வந்து, “பாஸ், யாருக்கும் கை தவறும், விடுங்க” என்றான். அவனைப் பட்டறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாருங்கள். கையை நீட்டுகிறேன். நடுங்குகிறதா? இந்த டம்ளரில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றிக் கொடுங்கள், பிடித்துக்காட்டுகிறேன்.

அந்தத் தண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், என்ஜின் தெரிந்த ஒருவரை வைத்து. மெர்ல் வேண்டாம். கடைசிக் கால் பங்கில் ஒரு பள்ளம் இருக்கும், தலைமுடியில் பாதி ஆழம். முக்கால் வரை தண்டு வெண்ணெயாகத் திரும்பும். முழுசாகத் திரும்பினால் பள்ளத்தில் விழுந்து உட்கார்ந்துவிடும். எந்த ஸ்பிரிங்காலும் எழுப்ப முடியாது. ஆளுடைய காலாலும் முடியாது. பள்ளத்தின் ஓரங்கள் பாலிஷ் போட்டது. முதலில் கடைந்த இரண்டு தண்டுகளைத் தூக்கிப் போட்டேன், ஆழம் சரியாக வரவில்லை, பத்துக்கு ஒரு தடவை விடுபட்டது. மூன்றாவது ஒரு தடவைகூட விடுபடவில்லை. பட்டறையில் வைத்து எத்தனையோ தடவை சோதித்தேன்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளுடைய பாத்திரங்களைக் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த வாக்குமூலத்தில் நான் செய்ததற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும், எத்தனை வருடம் போட்டாலும், எனக்குச் சம்மதம், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை மட்டும் எல்லா இடத்திலிருந்தும் அடித்துவிடுங்கள்.